அந்த நாலு ஸ்க்ரூவைத் திரும்பப் போடுங்கள்

கோவை வட்டாரத்தில் கிரைண்டர் தயாரிக்கும் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும், அங்கே புது மாடல்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும்,

சென்ற மாதம் என் கடைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. உங்களில் ஒரு நிறுவனம் அனுப்பியது. பெயரைச் சொல்லப் போவதில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக அதே பாதையில் போவதைப் பார்ப்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். புது டேபிள் டாப் மாடலுக்குக் கெப்பாசிட்டர், பெல்ட், பேரிங், புஷ் எதையும் இனி வெளிக் கடைகளுக்கு உதிரியாகத் தர மாட்டார்களாம். மோட்டாரும் அடிப்பாகமும் ஒரே யூனிட்டாக, ஸ்க்ரூ போலக் கழற்ற முடியாத ரிவெட் அடித்து வருமாம். பழுதானால் யூனிட்டையே மாற்ற வேண்டும், அதுவும் அவர்களுடைய சர்வீஸ் சென்டரில்தான்.

அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். அன்று என் பெஞ்சின் மேல் ஏழு கிரைண்டர்கள் இருந்தன. மூன்றில் கெப்பாசிட்டர் மட்டும்தான் போயிருந்தது. சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. டிரம்மைக் கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டால் ஓட ஆரம்பிக்கும். அதை மாற்ற எனக்குப் பத்து நிமிடம் போதும், கூலியோடு 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சுற்றறிக்கையோடு வந்த விலைப் பட்டியலில் யூனிட்டின் விலை 2,400 ரூபாய். அதே பழுதுக்கு, அதே வீடு, இனி அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டும்.

நான் பொள்ளாச்சியில் 22 ஆண்டுகளாக மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிறேன். அப்பா வைத்த கடை. பத்தாம் வகுப்பு விடுமுறையில் அவரிடம் காயில் சுற்றக் கற்றுக்கொண்டேன். அவருக்குக் கண் மங்கியதும் கடை என் கைக்கு வந்தது. ஆண் மெக்கானிக் போனால் திண்ணையில் வைத்தே மெஷினைக் காட்டுகிற வீடுகளில் என்னை நேராக அடுப்படிக்குக் கூட்டிப் போவார்கள். மெஷினுக்கு என்ன கோளாறு என்பதோடு அது தங்களை என்ன பாடு படுத்துகிறது என்பதையும் சொல்வார்கள். உங்கள் யாருக்கும் கிடைக்காத தகவல் எனக்கு வாரம் முழுக்கக் கிடைக்கிறது. அதை நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

சுற்றறிக்கை வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, அதே நிறுவனம் கோவையில் ஓர் ஓட்டலுக்கு டீலர்களையும் சர்வீஸ் கடைக்காரர்களையும் அழைத்து இந்த மாடலை அறிமுகப்படுத்தியது. டிசைன் திங்கிங் முறையில் உருவானது என்றார்கள். திரையில் ஐந்து வட்டங்கள் தெரிந்தன: பயன்படுத்துகிறவரின் இடத்தில் நின்று உணர்வது, பிரச்சினை என்ன என்று வரையறுப்பது, யோசனைகளைத் திரட்டுவது, மாதிரி செய்வது, சோதித்துப் பார்ப்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டிசைன் பள்ளி உலகெங்கும் பரப்பிய படிகள் இவை. இன்ஜினியரிங் படிக்கும் என் மகளுக்கும் இது பாடமாக இருக்கிறது, அதனால் எனக்கும் புதிதில்லை. கேள்வி நேரத்தில் எழுந்து, முதல் படிக்காக எத்தனை வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஆன்லைனில் கருத்துக் கேட்டதாகவும், ஷோரூமுக்கு வந்தவர்களிடம் படிவம் நிரப்பி வாங்கியதாகவும் பதில் வந்தது. அரிசி ஊற வைப்பதில் தொடங்கி, ஆட்டி, வழித்து, கழுவிக் கவிழ்த்து வைக்கும்வரை ஒரு வீட்டில் கூட இருந்து பார்த்தவர் அந்தக் குழுவில் ஒருவர்கூட இல்லை.

வேறு ஊரில் நடந்திருந்தால் இவ்வளவு வருத்தம் எனக்கு வந்திருக்காது. கிரைண்டர் என்ற பொருளே இந்த ஊர் அடுப்படியைப் பார்த்துப் பார்த்து உருவாக்கியது. ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவிதான் சுற்றும். ஒரு கை குழவியைச் சுற்ற வேண்டும், இன்னொரு கை ஓரத்தில் ஒதுங்கும் மாவை உள்ளே தள்ளிவிட வேண்டும். 1955இல் கோவையில் பி. சபாபதி கிரைண்டரை உருவாக்கினார் என்று இந்தத் தொழிலின் வரலாற்றைச் சொல்கிறோம். கிரைண்டரில் ஆட்டுக்கல்லின் கணக்கு தலைகீழானது. கல் சுற்றியது, குழவி பிடித்த இடத்தில் நின்றது. குழவி சுற்றிச் சுற்றித் தோள் இற்றுப்போன பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று என் ஆத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த முதல் கிரைண்டர்களில் ஒரு தொல்லை மிச்சமிருந்தது. கல் தொட்டியைத் தூக்க முடியாது. குனிந்து மாவைக் கையால் வழித்து அள்ள வேண்டும், அப்புறம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அந்தத் தண்ணீரைத் துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிந்து எடுக்க வேண்டும். இதைப் பார்த்துத்தான் சாய்க்கிற கிரைண்டர் வந்தது. கல்லைச் சாய்த்தால் மாவும் வழியும், கழுவிய தண்ணீரும் வழியும். வீடுகள் சுருங்கி, குடும்பங்கள் சிறுத்தபோது, இரண்டு லிட்டர் டேபிள் டாப் வந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஒரு பெண்ணின் முதுகையும் கையையும் கவனித்திருக்கிறார். 2005-06இல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தக் கவனிப்புக்கும் சேர்த்துத்தான் பெருமைப்பட்டேன்.

இப்போது அந்தக் கவனிப்பு எங்கே நின்றுவிட்டது என்பதைச் சொல்கிறேன்.

நான் ஒரு வருடமாகக் கடைக்கு வரும் டேபிள் டாப் கிரைண்டர்களில் என்ன பழுது, எப்படி வந்தது என்று நோட்டில் எழுதி வருகிறேன். மோட்டார் புகைந்து வருகிறவற்றில் பாதிக்கு மேல் உள்ளே தண்ணீர் இறங்கியவை. பேரிங் துருப்பிடித்திருக்கும், வைண்டிங்கில் மாவுத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். உங்கள் வாரண்டி அட்டையில் இதற்குத் தவறான பயன்பாடு என்று பெயர். டிரம்மைத் தனியாக எடுத்துத்தான் கழுவ வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறீர்கள், அதை மீறியதால் வாரண்டி கிடையாது.

எதனால் மீறுகிறார்கள் என்று கேட்டீர்களா? நான் கேட்டேன். ஒரு இரண்டு லிட்டர் டிரம்மை அடிக்கல்லோடு கடைத் தராசில் வைத்தேன். நாலரைக் கிலோ இருந்தது. குழவிகளும் மாவும் சேர்ந்தால் எட்டுக் கிலோவை நெருங்குகிறது. அதற்குக் கைப்பிடி இல்லை. மாவுக் கையோடு வழுவழுப்பான எவர்சில்வர் விளிம்பைப் பிடித்து, நட்டுக்குத்தலாக மேலே உருவி, சிங்க் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். ஆனைமலையில் ஒரு பாட்டி இருக்கிறார், 70 வயதுக்கு மேல், இரண்டு மணிக்கட்டிலும் வாதம். அவரால் முடியவில்லை. சிசேரியன் ஆகி மூன்று மாதமான ஒரு பெண்ணால் முடியவில்லை. அதனால் இருந்த இடத்திலேயே தண்ணீரை ஊற்றி, துணியால் ஒற்றிப் பிழிந்து எடுக்கிறார்கள். சாய்க்கிற கிரைண்டர் வருவதற்கு முன்னால் என் ஆத்தா செய்த அதே வேலை. அப்படிக் கழுவும்போது நடுத் தண்டின் ஓரமாகத் தண்ணீர் கீழே இறங்குகிறது, மோட்டார் போகிறது.

கைப்பிடி இல்லாததில் தொடங்கிய பழுது இது. மோட்டாரை ரிவெட் அடித்து மூடினால் தீராது. கழுவுகிற முறை மாறாதவரை உள்ளே இறங்கின தண்ணீர் உள்ளேயே கிடந்து இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். திறந்து துடைத்து, வெயிலில் காய வைத்து, வார்னிஷ் பூசிக் கொடுத்தால் பிழைத்துப் போகிற மோட்டார்கள் நிறைய. இனி அவை எல்லாம் காயலான் கடைக்குப் போகும்.

இதைச் சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. அந்த ஆனைமலைப் பாட்டியே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். பழைய பருத்திப் புடவையைக் கிழித்துப் பின்னி, டிரம்மின் விளிம்புக்குக் கீழே வளையமாகக் கட்டி, இரண்டு பக்கமும் காது மாதிரி முடிச்சு விட்டிருக்கிறார். பேத்தி ஒரு காது, அவர் ஒரு காது பிடித்துத் தூக்குகிறார்கள். கிணத்துக்கடவு பக்கம் மாவு அரைத்து விற்கும் ஒரு அக்கா, நடுத் தண்டைச் சுற்றி சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டியிருக்கிறார். அவருடைய மெஷினில் ஆறு வருடமாகத் தண்ணீர் இறங்கவில்லை. நான் திறந்து பார்த்தே சொல்கிறேன். இன்னொரு வீட்டில் கிரைண்டர் நகராமலிருக்கப் பழைய ரப்பர் செருப்பை வெட்டி நாலு மூலையிலும் ஒட்டியிருந்தார்கள். உங்கள் குழு ஒரே ஒரு வாரம் அடுப்படிகளில் உட்கார்ந்திருந்தால் காதும் வளையமும் காலும் மூன்று யோசனைகளாகக் கையில் வந்திருக்கும்.

அதற்குப் பதிலாக வந்திருப்பது தொடு பலகை. மாவு ஆட்டும்போது கை எப்போதும் ஈரமாக, மாவாகத்தான் இருக்கும். பழைய திருகு சுவிட்சைப் புறங்கையால் திருப்பி அணைத்துவிடலாம். தொடு பலகையில் ஈர விரல் பட்டால் சில நேரம் கேட்காது, சில நேரம் தொடாமலே ஓடத் தொடங்கும். டிரம்முக்குள் கை இருக்கும்போது அது தானாக ஓடியதாக இரண்டு வீடுகளில் சொன்னார்கள். அடிபடவில்லை என்பது அவர்கள் அதிர்ஷ்டம். கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்குத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க அதில் எந்த மேடு பள்ளமும் இல்லை. ஷோரூமில் உலர்ந்த கையோடு தொட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று படிவத்தில் எழுதியவர்கள் மேல் தப்பில்லை. அவர்களிடம் கேட்ட இடம்தான் தப்பு.

அப்புறம் ஒயர். பெயர் டேபிள் டாப்தான், ஆனால் நான் போகும் வீடுகளில் பெரும்பாலானவர்கள் தரையில் வைத்து, பக்கத்தில் மணைபோட்டு உட்கார்ந்துதான் ஆட்டுகிறார்கள். பிளக் பாயிண்ட் மேடைக்கு மேலே இருக்கிறது. ஒயர் எட்டாமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில், தண்ணீர் ஓடுகிற இடத்தில் வைக்கிறார்கள். ஒரு முழம் கூடுதல் ஒயர் போதும்.

1958இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்த நாட்டில் வடிவமைப்பு எப்படி அமைய வேண்டும் என்று ஓர் அறிக்கை எழுதினார்கள். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்குவதற்கு அதுதான் வழிவகுத்தது. என் மகள் அதைத் தேடிக் காட்டினாள். அவர்கள் மிகவும் பாராட்டிப் பேசிய பொருள் லோட்டா, நம் ஊர்ச் செம்பு. ஒரு செம்பைச் செய்ய என்னென்ன யோசிக்க வேண்டியிருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தூக்குகிற கை எத்தனை பெரியது, தலையில் போகுமா இடுப்பில் போகுமா, வாயும் உள்பக்கமும் தேய்த்துக் கழுவத் தோதாக இருக்கிறதா, கடைசியில் உடைசலாகப் போட்டால் என்ன தேறும் என்பதுவரை. படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. என் நோட்டில் நான் எழுதி வைத்திருப்பதும் இதே கேள்விகள்தான். தூக்குகிற கை, கழுவுகிற வழி, பழசானால் என்ன ஆகும். உங்கள் புது மாடலை இந்த மூன்றையும் கேட்காமல் செய்திருக்கிறீர்கள்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டேன். வெளிக் கடைக்காரர்கள் போலி உதிரி மாட்டுகிறார்கள், ஷாக் அடித்தால் கெட்ட பெயர் எங்களுக்கு என்றார் உங்கள் விற்பனை அலுவலர் ஒருவர். அதில் உண்மை இருக்கிறது. எர்த் ஒயரை வெட்டி விட்டுப் போகிற மெக்கானிக்குகளை நானும் பார்த்திருக்கிறேன், அவர்கள் செய்த வேலையைச் சரி செய்தும் இருக்கிறேன். ஆனால் போலி உதிரி சந்தைக்கு வருவதே நல்ல உதிரி கிடைக்காதபோதுதான். கடந்த ஆண்டு ஒரு மாடலின் பெல்ட்டுக்காக மூன்று மாதம் அலைந்தேன். டீலரிடம் இல்லை, கம்பெனியில் ஸ்டாக் இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு அளவு. முன்பு ஏழெட்டுக் கம்பெனி கிரைண்டருக்கு ஒரே பெல்ட் பொருந்தும். கடைசியில் அந்த வீட்டுக்காரர் நல்ல மோட்டாரும் நல்ல கல்லும் உள்ள மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டார். தண்ணீர் புகாமல் மூட வேண்டும் என்றால் ரப்பர் கேஸ்கெட் வைத்து நாலு ஸ்க்ரூ போடலாம். மூடுவதற்கு ரிவெட் தேவையில்லை. திறக்க விடாமல் இருக்கத்தான் தேவை.

2011இல் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா கிரைண்டர்கள் இன்னமும் என் கடைக்கு வருகின்றன. சாதாரண மெஷின்கள். ஆனால் கவிழ்த்து வைத்தால் ஸ்க்ரூ தெரியும், கழற்றினால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். கூலி வேலைக்குப் போகும் ஒரு அம்மா தனக்குக் கிடைத்த கிரைண்டரை இதுவரை நாலு முறை கொண்டுவந்திருக்கிறார். எல்லாமாகச் சேர்த்து அவர் கொடுத்தது 1,000 ரூபாயைத் தாண்டாது. தினமும் மாவு ஆட்டி, பக்கத்துத் தெருவில் விற்று, பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புகிறார். அவரிடம் போய் 2,400 ரூபாய் யூனிட் என்று நான் எப்படிச் சொல்வேன்?

இதே கோவையில்தான் அருணாசலம் முருகானந்தம் குறைந்த செலவில் நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். கிராமத்துப் பெண்கள் தாங்களே ஓட்டும்படி அதை எளிமையாகச் செய்தார். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பயன்படுத்துகிறவர் கைக்கு அடங்குகிற இயந்திரத்தைச் செய்யத் தெரிந்த ஊர் இது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பழுது பார்க்கும் உரிமை பற்றி ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் பேசத் தொடங்கிவிட்டது. 2022 டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமே திறந்தார்கள், வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் அடக்கம். பிரான்சில் 2021இல் வாஷிங் மெஷின் போன்ற சில பொருட்களுக்கு, அதைப் பிரித்துப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விலைச்சீட்டு அருகிலேயே காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். உலகம் திறக்கிற பக்கம் போகும்போது நீங்கள் மூடுகிற பக்கம் போகிறீர்கள்.

நான் கேட்பவை இவைதான்.

முதலில், அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். கெப்பாசிட்டர், பெல்ட், பேரிங், புஷ், ஆயில் சீல் ஆகியவற்றை வெளிக் கடைகளுக்கு விலை அச்சிட்டு உதிரியாகவே கொடுங்கள். ஒரு மாடலை நிறுத்தினாலும் அதன் உதிரி பத்து ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்று வாரண்டி அட்டையிலேயே எழுத்தில் உறுதி கொடுங்கள். பெல்ட் அளவை நிறுவனங்கள் எல்லாம் கூடிப் பேசி இரண்டு அல்லது மூன்று அளவுகளுக்குள் கொண்டுவாருங்கள். உங்களுக்குள் போட்டி இருக்கட்டும், பெல்ட்டில் வேண்டாம்.

அடிப்பாகத்துக்கு ரிவெட் வேண்டாம். கேஸ்கெட்டும் சாதாரண ஸ்க்ரூடிரைவரில் கழலும் நாலு ஸ்க்ரூவும் போடுங்கள். டிரம்முக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள், நடுத் தண்டுக்குத் தண்ணீர் இறங்காத வளையம் வையுங்கள், ஒயரை நீட்டுங்கள். தொடு பலகை உள்ள மாடலை விற்றாலும், அதே விலையில் திருகு சுவிட்ச் உள்ள மாடலையும் கடையில் வையுங்கள். டிரம்மை எடுக்காமல் கழுவியதால் பழுதான மெஷின்களுக்கு, கைப்பிடி வைத்த டிரம் சந்தைக்கு வரும்வரை வாரண்டியை மறுக்காதீர்கள்.

போலி உதிரியும் ஷாக்கும்தான் உங்கள் கவலை என்றால் எங்களுக்குப் பயிற்சி கொடுங்கள். வருடம் இரண்டு நாள், பொள்ளாச்சி, உடுமலை, மேட்டுப்பாளையம் என்று வட்டாரத்துக்கு ஒன்று. சோதனை வைத்து, தேறியவர்களுக்குச் சான்று கொடுங்கள். என் கடையை மூடிவிட்டு வந்து முதல் வரிசையில் உட்காருவேன்.

கடைசியாக, புது மாடல் வரைகிறவர்களில் இரண்டு பேரை ஒரு வாரத்துக்கு என்னோடு அனுப்புங்கள். காலை ஒன்பது மணிக்குக் கடை திறப்பேன், பதினோரு மணிக்கு வீடுகளுக்குக் கிளம்புவேன். லேப்டாப் வேண்டாம், ஒரு நோட்டு போதும். ஆனைமலைப் பாட்டியிடமும் கிணத்துக்கடவு அக்காவிடமும் பேசி வைத்துவிட்டேன், வரட்டும் என்றார்கள். பாட்டி வியாழக்கிழமைகளில் மாவு ஆட்டுகிறார். எந்த வியாழன் வருகிறீர்கள் என்பதை மட்டும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பொள்ளாச்சியில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் ஒருத்தி